பேசும் கழுதையும் கறுப்பு கௌபாயும்

(திரையிடலுக்குப் பிறகு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்போது நாம் பார்த்த 'த பிரான்ஸ் பக்கரூ' 1939இல் வந்த படம். ஒரு மணி நேரம்கூட ஓடாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சினிமாவாகப் பார்த்தால் இது சுமாரான படம்தான். சண்டைகளில் வேகம் கிடையாது. பாட்டு வந்தால் கதை ஓரமாக உட்கார்ந்துகொள்கிறது. கேமரா வைத்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. சில நாட்களுக்குள், கையில் இருந்த காசுக்குள் எடுத்து முடித்த படம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

ஆனால் அந்தக் கழுதைக் காட்சி வந்தபோது நீங்கள் சிரித்தீர்கள். இருட்டில் நானும் கவனித்துக்கொண்டிருந்தேன். சிலர் சிரிப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தீர்கள். சிரிக்கலாமா, சிரித்தால் தப்பா என்ற தயக்கம். நல்ல தயக்கம்தான் அது. நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

கடைசி வரிசையில் தாமதமாக வந்தவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்கிறேன். பாப் பிளேக் என்ற கௌபாய், உதவி கேட்டு வந்த நண்பனின் கடிதத்தைப் பார்த்துத் தன் ஆட்களோடு அவனுடைய பண்ணைக்கு வருகிறான். நண்பனைக் காணவில்லை. தங்கை பெட்டி மட்டும் இருக்கிறாள். நிலத்துக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பக் தார்ன் என்பவன் பண்ணையை எழுதி வாங்கப் பார்க்கிறான். மிச்சம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு நடுவே, பாப் பிளேக்கின் கூட்டாளி டஸ்டியிடம் ஒருவன் ஒரு கோவேறு கழுதையைத் தலையில் கட்டுகிறான். உதடு அசையாமல் பேசும் வித்தை தெரிந்தவன் அவன். கழுதையே பேசுவதாக நம்பி டஸ்டி காசைக் கொடுத்து வாங்கிவிடுகிறான்.

அமெரிக்காவில் 1930களில் இந்த மாதிரிப் படங்கள் வாரத்துக்கு வாரம் வந்தன. பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினால்தான் தியேட்டருக்குக் கூட்டம் வரும். பெரிய படத்தோடு சேர்த்து ஓட்ட ஒரு சின்னப் படம் வேண்டும். அந்தச் சின்னப் படத்துக்கு கௌபாய் கதை வசதி. குதிரை வாடகைக்குக் கிடைக்கும், பாலைவனம் இலவசம், வெயில் இருக்கிறது. ஹாலிவுட்டில் சன்செட் சாலையும் கோவர் தெருவும் சேரும் முனையில் தொப்பியும் பூட்ஸுமாக வேலைக்காகக் காத்து நின்ற ஆட்களால் அந்த இடத்துக்கே 'கோவர் கல்ச்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. 1935வாக்கில் ஜீன் ஆட்ரி பாடும் கௌபாயாகப் பிரபலமான பிறகு சூத்திரம் உறுதியாகிவிட்டது: பாடத் தெரிந்த நாயகன், புத்திசாலிக் குதிரை, நிலத்தைப் பறிக்கும் வில்லன், கூடவே ஒரு கோமாளி.

அந்தக் கோமாளி வெள்ளையனாக இருந்தவரை ஒரு சிக்கலும் இல்லை. அவன் முட்டாளாக இருந்தால் அவன் மட்டும்தான் முட்டாள். கறுப்பரைக் கோமாளி ஆக்கும்போது கதை வேறு. அங்கே இனமே முட்டாள் ஆகிறது.

இது பேசும்படத்தோடு தொடங்கியதல்ல. அமெரிக்காவில் கறுப்பர்களைப் பிரித்து வைத்த சட்டங்களுக்கு 'ஜிம் குரோ சட்டங்கள்' என்று பெயர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். யார் அந்த ஜிம் குரோ? நீதிபதி இல்லை, ஆளுநர் இல்லை. ஒரு நகைச்சுவைப் பாத்திரம். 1830வாக்கில் தாமஸ் டார்ட்மவுத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பு அடிமையைப் போல ஆடிப் பாடிச் சிரிப்பு மூட்டிய வேடத்தின் பெயர் அது. முதலில் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பெயர் கறுப்பர்களுக்கான வசைச்சொல் ஆனது. கடைசியில் ரயில் பெட்டி, பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றையும் பிரித்த சட்டத்துக்கே பெயராகிவிட்டது. நகைச்சுவையை வெறும் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பேசும்படத்தின் பிறப்புச் சான்றிதழிலும் அதே கரிதான் இருக்கிறது. 1927இல் வந்த 'த ஜாஸ் சிங்கர்' படத்தில் அல் ஜால்சன் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடுகிறார். திரைக்குக் குரல் வந்ததைக் கொண்டாடிய படத்தில், கறுப்பரின் குரலாக ஒலித்தது ஒரு வெள்ளையரின் குரல். அதற்குப் பிறகு ஹாலிவுட்டில் கறுப்பு நடிகர்களுக்கே வேலை கிடைக்கத் தொடங்கியபோது, ரைஸ் உருவாக்கிய ஆளைப் போலத்தான் அவர்கள் நடிக்க வேண்டியிருந்தது. சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, கண்ணை உருட்டுபவன், கொச்சை பேசுபவன்.

இதை எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதும் முக்கியம். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தியேட்டரின் முன்வாசல் கிடையாது. பக்கவாட்டுப் படிக்கட்டில் ஏறி, மேலே கடைசி பால்கனிக்குப் போக வேண்டும். சில ஊர்களில் வெள்ளையர் வீட்டுக்குப் போன பிறகு நள்ளிரவில் தனிக் காட்சி. இல்லையென்றால் கறுப்பர்களுக்கென்றே இருந்த தனித் தியேட்டர்கள். அந்தப் பால்கனியில் இருந்துகொண்டு, கீழே முழுக் கூட்டமும் உங்கள் சாயலில் இருக்கும் ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்?

ஹெர்ப் ஜெஃப்ரிஸ் பிற்காலப் பேட்டிகளில் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். அவர் டெட்ராய்ட்டில் பிறந்தவர், ஏர்ல் ஹைன்ஸின் இசைக்குழுவில் பாடியவர். ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், தெருவில் ஒரு கறுப்புச் சிறுவன் அழுதுகொண்டிருப்பதைப் பார்க்கிறார். கூட விளையாடுபவர்கள் வெள்ளைப் பிள்ளைகள், கௌபாய் விளையாட்டு. இவன் டாம் மிக்ஸாக இருக்க ஆசைப்பட்டிருக்கிறான். டாம் மிக்ஸ் அந்தக் காலத்துப் பெரிய கௌபாய் நட்சத்திரம். டாம் மிக்ஸ் கறுப்பு இல்லையே, நீ எப்படி ஆக முடியும் என்று கேட்டுவிட்டார்கள்.

தெற்கில் கறுப்பர் தியேட்டர்களில்கூட வெள்ளை கௌபாய் படங்கள்தான் ஓடின என்பதையும் ஜெஃப்ரிஸ் பார்த்திருந்தார். அதனால் கறுப்பு கௌபாய் படம் எடுக்க வேண்டும் என்று பணம் தேடி அலைந்து, கடைசியில் ஜெட் புவெல் என்ற ஹாலிவுட் தயாரிப்பாளரைப் பிடித்தார். 1937இல் 'ஹார்லெம் ஆன் த ப்ரேரி' வந்தது. சாம் நியூஃபீல்ட் இயக்கம். நடிகர்கள் எல்லோரும் கறுப்பர்கள். கதை நடப்பது புல்வெளியில், பெயரில் இருப்பதோ நியூயார்க்கின் ஹார்லெம். 'ஹார்லெம்' என்று போட்டால் இது யாருக்கான படம் என்று சுவரொட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், அதற்காகத்தான். அதன் பிறகு ரிச்சர்ட் கான் இயக்கத்தில் இன்னும் மூன்று: 1938இல் 'டூ-கன் மேன் ஃபிரம் ஹார்லெம்', 1939இல் இன்று நாம் பார்த்த படமும் 'ஹார்லெம் ரைட்ஸ் த ரேஞ்ச்'சும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. கறுப்பு கௌபாய் என்பது ஜெஃப்ரிஸின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிப் போனவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நாட் லவ் என்பவர் 1907இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார். ஓடுகிற குதிரையிலிருந்து காளையின் மேல் பாய்ந்து அதன் உதட்டைப் பல்லால் கடித்து அடக்கும் வித்தையால் புகழ்பெற்ற பில் பிக்கெட் கறுப்பர். மெக்சிகோக்காரர்கள் இன்னொரு பெரும் பகுதி. கயிறு வீசுவது, சேணம் கட்டுவது எல்லாம் அவர்களிடமிருந்து வந்ததுதான். வேலை பார்த்தவர்களைத் துடைத்தெடுத்துவிட்டு, முழு வெள்ளை கௌபாயைத் திரையில் நிறுத்தியது சினிமா. ஆகவே அந்தச் சிறுவன் கேட்டது அவன் தாத்தா பார்த்திருக்கக்கூடிய வேலையை. அது அவனுக்குப் பொருந்தாது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது டாம் மிக்ஸ் படங்கள்.

இந்தப் படங்கள் எடுக்கப்பட்ட இடமும் எனக்குப் பிடித்த விஷயம். கலிபோர்னியாவின் விக்டர்வில் பக்கத்தில், பாலை நிலத்தில், முர்ரே பண்ணை என்று ஒன்று இருந்தது. நோலி முர்ரே, லீலா முர்ரே என்ற கறுப்புத் தம்பதி நடத்தியது. நகரத்து ஆட்கள் விடுமுறைக்கு வந்து தங்கி, குதிரை ஏறி, கௌபாய் வாழ்க்கையை நாலு நாள் அனுபவித்துவிட்டுப் போகும் விடுதிப் பண்ணைகள் அப்போது பிரபலம். அவற்றில் கறுப்பர்களுக்கு இடம் கிடையாது. முர்ரே பண்ணையில் இருந்தது. 1937இல் உலகக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் வந்து தங்கியதில் பெயர் பரவியது. அதே காலத்தில், 1936இல்தான், எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பர்களுக்கு இடம் தரும் என்று பட்டியலிட்ட 'கிரீன் புக்' என்ற பயணக் கையேடு வெளிவரத் தொடங்கியது. அதாவது காரில் போகும் ஒரு கறுப்புக் குடும்பத்துக்கு ராத்திரி படுக்க இடம் தேட ஒரு புத்தகம் தேவைப்பட்ட நாட்டில், கறுப்பருக்குச் சொந்தமான ஒரு பண்ணையில், கறுப்பருக்குச் சொந்தமான பண்ணையைக் காப்பாற்றும் கதையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். செட்டு போடக் காசில்லாததால் இருந்த இடத்தில் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இருந்த இடம் அது.

நிலம் என்பதை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். எல்லா கௌபாய் படத்திலும் வில்லன் பத்திரத்தில் கையெழுத்து கேட்பான். வெள்ளைப் படத்தில் அது கதையை ஓட்டுவதற்கான சாக்கு. இந்தப் படத்தில் அப்படி இல்லை. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மனின் உத்தரவு, விடுதலையான அடிமைகளின் குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை என்றது. அதே ஆண்டு ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பி எடுத்து, நிலத்தைப் பழைய அடிமை முதலாளிகளிடமே கொடுத்துவிட்டார். அதன் பிறகு பெரும்பாலான கறுப்பு விவசாயிகள் வாரத்துக்கு உழுது, கடனிலேயே கிடந்தார்கள். மிசிசிப்பியிலோ அலபாமாவிலோ 1939இல் கறுப்பர் தியேட்டரில் உட்கார்ந்து, 'கையெழுத்துப் போடாதே' என்று திரையைப் பார்த்துக் கத்தும் ஆளை யோசித்துப் பாருங்கள். பஞ்சமி நிலம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, கழுதைக்கு வருவோம். டஸ்டி ஒரு முட்டாள். கழுதை பேசும் என்று நம்புகிறான். தனியாக வெட்டியெடுத்துப் பார்த்தால் இது அதே பழைய பாத்திரம்தான், ஏமாளிக் கறுப்பன். ஆனால் ஏமாற்றுகிறவனும் கறுப்பன். நாயகன் கறுப்பன். வில்லனும் கறுப்பன், நில ஆசை, தந்திரம், நல்ல கோட்டு எல்லாம் இருக்கிற, மூளையுள்ள வில்லன். நடித்த கிளாரன்ஸ் புரூக்ஸ் 1931இல் ஜான் ஃபோர்டின் 'ஏரோஸ்மித்' படத்தில் மருத்துவராகக் கண்ணியமாக நடித்தவர். நிலத்துக்குச் சொந்தக்காரர், மதுக்கடையில் நிற்பவர், சீட்டாடுபவர் எல்லோரும் கறுப்பர்கள். அப்படி ஓர் ஊரில் டஸ்டி முட்டாளாக இருந்தால் டஸ்டிதான் முட்டாள். அவனுக்குப் பின்னால் ஓர் இனத்தைக் கட்டி இழுத்துவர முடியாது. வெள்ளைக் கோமாளிகளுக்குப் பிறவியிலேயே கிடைத்திருந்த அந்தச் சலுகை, தனி ஆளாக முட்டாளாக இருக்கும் உரிமை, லூசியஸ் புரூக்ஸுக்கு இந்தப் படத்தில் கிடைக்கிறது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு. 'ஹார்லெம் ஆன் த ப்ரேரி' வந்த அடுத்த ஆண்டு, 1938இல், அதே ஜெட் புவெல் தயாரிப்பில், அதே சாம் நியூஃபீல்ட் இயக்கத்தில் இன்னொரு பாட்டு கௌபாய் படம் வந்தது: 'த டெரர் ஆஃப் டைனி டவுன்'. நடித்தவர்கள் அனைவரும் உயரம் குறைந்த மனிதர்கள். அவர்களில் பலர் அடுத்த ஆண்டு 'த விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்திலும் இருந்தார்கள். கதை அதேதான். நல்லவன், கெட்டவன், பண்ணைத் தகராறு. ஆனால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மதுக்கடையின் பாதிக் கதவைத் தள்ளித் திறக்காமல் அதற்கு அடியிலேயே நுழைகிறார்கள். குட்டைக் குதிரையில் ஏறித் துரத்துகிறார்கள். வசனத்தில் நகைச்சுவை கிடையாது, சூழ்நிலையில் கிடையாது. உடம்புதான் நகைச்சுவை. நாயகன் வீரமாக வசனம் பேசும்போது அதுவே பெரிய சிரிப்பு.

புவெலுக்கு இரண்டும் ஒரே சரக்கு. கௌபாய் படத்தில் யாரும் எதிர்பார்க்காத ஆட்களைப் போடு, புதுமை என்று விளம்பரம் செய், காசு வரும். அவர் விளம்பர வேலையிலிருந்து தயாரிப்புக்கு வந்தவர், கணக்கு அப்படித்தான் ஓடும். கறுப்பர்களை அவர் மதித்தார், உயரம் குறைந்தவர்களை மதிக்கவில்லை என்று சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. பிறகு ஏன் ஒரு படம் அப்படியும் இன்னொன்று இப்படியும் ஆனது?

'டைனி டவுன்' யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்கள் யாரும் நடித்தவர்களைப் போன்றவர்கள் இல்லை. தியேட்டரில் உட்கார்ந்திருந்தது சராசரி உயரமுள்ள கூட்டம். 'ஹார்லெம்' படங்களுக்குக் காசு கொடுத்து வந்தது கறுப்புக் கூட்டம். அவர்களை அவமானப்படுத்தினால் அடுத்த வாரம் தியேட்டர் காலி. புவெலும் கானும் எவ்வளவு கணக்குப் பார்த்தாலும், டிக்கெட் வாங்குகிறவர் யார் என்பது படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு காரணம், நகைச்சுவையை யார் எழுதினார்கள் என்பது. டஸ்டியிடம் கழுதையை விற்றாரே, அவர் பெயர் ஃப்ளர்னாய் மில்லர். சாதாரண ஆள் இல்லை. 1921இல் பிராட்வேயில் பெரும் வெற்றி பெற்ற 'ஷஃபிள் அலாங்' என்ற கறுப்பர்களின் இசை நாடகத்தை ஆப்ரி லைல்ஸோடு சேர்ந்து எழுதியவர். அப்படிப்பட்டவரே மேடையில் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் நடித்தார். கறுப்புத் தோலின் மேல் கறுப்புச் சாயம். வெள்ளை ரசிகர்களுக்கு உண்மையான கறுப்பர் போதவில்லை, ரைஸ் உருவாக்கிய கறுப்பர்தான் வேண்டும். அந்தச் சாயத்துக்கு அடியில் இருந்துகொண்டு மில்லரும் லைல்ஸும் ஒரு வித்தை செய்தார்கள். இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள், ஒருவரும் ஒரு வாக்கியத்தையும் முடிக்க மாட்டார்கள். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

'நேத்து அவனைப் பார்த்தேன்பா, அந்த...'

'அவனா? அவன்தான் போன வருஷமே...'

'அது அவன் அண்ணன். இவன் அந்தத் தெருவில...'

'அங்க எப்ப போனான்? அந்த வீட்டு வாடகை...'

'அவ்வளவெல்லாம் இல்ல. வெறும்...'

'அது எனக்குக் கட்டுப்படியாகாதுப்பா!'

இது நானாகச் சொன்னது, அவர்களுடைய வசனம் இல்லை. ஆனால் வடிவம் இதுதான். பேசும் இருவருக்கும் எல்லாம் புரிகிறது. கேட்கும் நமக்கு ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு தெருகூடக் கிடைப்பதில்லை. முதலாளி ஒட்டுக்கேட்கும் இடத்தில் வேலை செய்தவர்களின் பேச்சு என்று எனக்குத் தோன்றுகிறது. கொச்சை பேசும் முட்டாள்களைப் பார்த்துச் சிரிக்க வந்தவர், உண்மையில் தனக்குப் புரியாத ஒரு உரையாடலுக்கு வெளியே நிற்கிறார். 1932இல் லைல்ஸ் இறந்தபின் மில்லர் இதை 'ஹார்லெம் ஆன் த ப்ரேரி'யில் தன்னோடு நடித்த மான்டன் மோர்லாண்டோடு தொடர்ந்தார். பின்னால் மோர்லாண்ட் அதை பென் கார்ட்டரோடு சேர்ந்து சார்லி சான் துப்பறியும் படங்களில் செய்தார். தேடிப் பாருங்கள், கிடைக்கும். நேரம் பிசகாமல் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

'ஹார்லெம் ரைட்ஸ் த ரேஞ்ச்' கதையை எழுதியதும் மில்லர்தான், ஸ்பென்சர் வில்லியம்ஸோடு சேர்ந்து. இன்றைய படத்தில் வில்லனின் அடியாள் பீட்டாக வருகிறாரே, அவர்தான் வில்லியம்ஸ். பணம் வெள்ளையருடையது, கேமராவுக்குப் பின்னால் வெள்ளை இயக்குநர், ஆனால் நகைச்சுவை இவர்கள் கையில்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, படத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. நாயகனின் நிறத்தைக் கவனித்தீர்களா? ஜெஃப்ரிஸ் இயல்பில் மிகவும் வெளிர்நிறம் கொண்டவர். கறுப்பர்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. அதனால் படத்துக்காக அவர் முகத்தை ஒப்பனையால் கருமையாக்கினார்கள், தலைமுடி தெரியாமல் தொப்பியையும் பெரும்பாலும் கழற்றவிடவில்லை. அப்படிக் கருக்கியும்கூட அவர்தான் கூட்டத்தில் வெளிர்நிறம். காதலிக்கும் காதலனுக்கும் வெளிர்நிறம், கோமாளிக்குக் கருநிறம். இந்த வரிசை அந்தக் காலத்துக் கறுப்பர் படங்கள் பலவற்றில் இருந்தது. வெள்ளையர் இல்லாத ஊரிலும் வெள்ளையின் அளவுகோல் இருந்தது என்பதைத்தான் இது காட்டுகிறது. எங்கள் சினிமாவில் இது கிடையாது என்று சொல்லும் தைரியம் இந்த அறையில் யாருக்கும் இருக்காது.

பெட்டியாக நடித்த ஆர்ட்டி யங்குக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. அதுவும் வெள்ளைப் படங்களிலிருந்து அப்படியே எடுத்ததுதான்.

வெள்ளையர் ஒருவர்கூட இல்லாத மேற்கு என்பது இனிமையான கனவு. கனவின் விலை, அடக்குபவர் யார் என்பதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. இந்தப் படத்தில் கறுப்பரின் நிலத்தைப் பறிப்பவர் இன்னொரு கறுப்பர். தெற்கில் நடந்தது அது இல்லை. பிரிவினைத் தியேட்டர்களில் ஓட வேண்டிய படத்தில் வெள்ளை வில்லனை ஒரு கறுப்பு நாயகன் அடித்து வீழ்த்துவதை அன்று காட்ட முடியாது. அப்புறம், அந்தப் புல்வெளி யாருடையது என்ற கேள்வி. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தில்தான் எல்லா கௌபாய் படமும் நடக்கிறது. 1866இல் அமைக்கப்பட்ட கறுப்புக் குதிரைப் படைகளும் அந்தப் பறிப்பில் ஈடுபடுத்தப்பட்டன. படத்தில் பூர்வகுடி ஒருவர்கூட இல்லை. பாப் பிளேக் காப்பாற்றும் பத்திரத்துக்கு முன்னால் இன்னொரு பத்திரம் கிழிக்கப்பட்டிருக்கிறது.

நடித்தவர்களுக்கு என்ன ஆனது? ஜெஃப்ரிஸ் கௌபாய் தொப்பியைக் கழற்றிவிட்டு ட்யூக் எலிங்டனின் இசைக்குழுவுக்குப் போனார். 'ஃபிளமிங்கோ' என்ற பாட்டு அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 2014 வரை வாழ்ந்தார். மோர்லாண்ட் ஹாலிவுட்டின் வெள்ளைப் படங்களுக்குள் போனார். 1941இல் 'கிங் ஆஃப் த ஜாம்பீஸ்' படத்தில் பேயைக் கண்டு நடுங்கும் வேலைக்காரன் வேடம். அவமானகரமான வேடம்தான். ஆனால் படத்தை உட்கார்ந்து பாருங்கள்: செத்தவர்கள் நடமாடுவதை முதலில் பார்ப்பது அவர்தான், எஜமானர்கள் நம்ப மறுக்கிறார்கள், கடைசியில் அவர் சொன்னது உண்மையாகிறது. பயப்பட வேண்டிய இடத்தில் பயந்தவர் அவர் ஒருவர்தான்.

1940களில் கறுப்பர் முன்னேற்ற அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. ஹாலிவுட்டோடு மோதியது. வேலைக்காரன், கோமாளி வேடங்களே தருவதை நிறுத்துங்கள் என்றது. 1951இல் 'ஏமஸ் அண்ட் ஆண்டி' தொலைக்காட்சித் தொடரை எதிர்த்தது. அதில் ஆண்டியாக நடித்தவர் நம் ஸ்பென்சர் வில்லியம்ஸ். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். கோடிக்கணக்கான வெள்ளை வீடுகளுக்குள் டஸ்டி தனியாகப் போனால் அவன் மறுபடியும் இனம் ஆகிவிடுவான். ஆனால் வேலை போனது கோமாளிகளுக்குத்தான். ஸ்டூடியோக்காரர்கள் வேடத்தை மாற்றச் சொன்னதும், வேடத்தை மாற்றுவதற்குப் பதிலாகப் பல நேரங்களில் ஆளையே நீக்கிவிட்டார்கள். இந்தக் கணக்கை நாம் இன்னும் சரியாகப் பேசியதில்லை.

அடுத்த திரையிடலுக்கு ஸ்பென்சர் வில்லியம்ஸ் படத்தையே எடுத்திருக்கிறோம். 1941இல் டெக்சாஸில், மிகச் சொற்பப் பணத்தில், அவரே எழுதி இயக்கி நடித்த 'த பிளட் ஆஃப் ஜீசஸ்'. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1991இல் சேர்த்தார்கள். அதில் சாத்தான் ஒரு லாரியில் ஜாஸ் குழுவோடு வந்து இறங்குவார். பீட்டாக வந்த அதே அடியாள்தான் இதை எடுத்தார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். கழுதைக் காட்சியில் சிரிக்காமல் இருந்தவர்கள் முதலில் பேசினால் நன்றாக இருக்கும்.